முதல் மிதி, இரண்டாம் மிதி

மார்ச் 4, செவ்வாய்

கார் சர்வீஸிலிருந்து வந்துவிட்டது. முன்சக்கரம் ஒன்று கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது என்று விட்டிருந்தோம். முன்பக்கம் இரண்டுக்கும் புதிய காலிப்பரும் பிரேக் பேடும் போட்டிருக்கிறார்களாம். காலிப்பர் என்றால் என்ன என்று கேட்டேன். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கிடுக்கி என்று சர்வீஸ் அட்வைசர் விரல்களை மடக்கிக் காட்டினார். கச்சிதமாக டை கட்டியிருந்தார். படியிறங்குவதற்குள் அம்மா அவருக்கு ‘டைக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

திரும்பும்போது அம்மா ஓட்டினாள், நான் வழக்கம்போல் பக்கத்தில் புத்தகத்தோடு. வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“பிரேக்க மிதிச்சா மெத்தைய மிதிக்கற மாதிரி இருக்குடி.”

“புது பேட்மா. கொஞ்ச நாள்ல பழகிடும்னு சொன்னாங்களே.”

“பேட் பழகணுமா, நான் பழகணுமா?”

நல்ல கேள்வி.

மார்ச் 7, வெள்ளி

அம்மா இப்போது எல்லாச் சிவப்பு விளக்கிலும் இரண்டு தடவை மிதிக்கிறாள். டப், டப். முதல் மிதி பெடலை எழுப்புவதற்காம், இரண்டாவது வண்டியை நிறுத்துவதற்காம்.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அங்காடித் தெருவின் சரிவு. கீழே தெருவைக் கடக்க வெள்ளைக் கோடு போட்ட இடம். ஒரு பெண் சாமான் நிறைந்த தள்ளுவண்டியோடு கடந்துகொண்டிருந்தாள். அம்மா மிதித்தாள். கார் நிற்கவில்லை. நின்றது — ஆனால் கோட்டைத் தாண்டி. தள்ளுவண்டி சாய்ந்தது, ஆரஞ்சுப் பழங்கள் காருக்கு அடியில் உருண்டன. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. பானெட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். “கண்ணு பொடரியிலயா இருக்கு உனக்கு? இந்த வயசுல எதுக்கு இந்த வேலை?” அம்மா இறங்கி, குனிந்து, பழங்களைப் பொறுக்கினாள். அந்தப் பெண்ணே கடைசியில், “விடுங்க, விடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். வந்து அவன்தான் வண்டியை எடுத்து வந்தான். மெதுவாக, நூறடிக்கு முன்னாலேயே மிதித்து மிதித்து. வாசலில் இறங்கி, “எனக்கு நல்லாத்தானே பிடிக்குது?” என்றான்.

அவன் என்னைத் தனியாகக் கேட்டான், என்ன நடந்தது என்று. நான் சொன்னேன்: “அம்மா கொஞ்சம் பதறிட்டாங்கன்னு நினைக்கறேன்.”

ஏன் சொன்னேன்? பார்த்தேனா? நான் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தபோது கார் ஏற்கனவே சறுக்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் காலை நான் பார்க்கவே இல்லை.

மார்ச் 12, புதன்

சர்வீஸ்காரர்கள் நேற்று வந்து எடுத்துப் போன வண்டியை இன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு தாள். ‘பிரேக் குழாயில் இருந்த காற்று எடுக்கப்பட்டது. ஓட்டிப் பார்க்கப்பட்டது. குறை ஏதும் இல்லை. ஓட்டுநரின் மிதிக்கும் பழக்கமே காரணம், ஆலோசனை வழங்கப்பட்டது.’

ஆலோசனை போனில் வந்தது. டைக்காரர் மிக மரியாதையாகப் பேசினார். “அம்மா, கால அழுத்தி வைங்க, அவ்வளவுதான். வயசானவங்க நிறைய பேருக்கு வர்றதுதான்.”

அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு.

மார்ச் 13, வியாழன்

அண்ணன் வந்து கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்பு வாசித்தான். சின்ன வயதிலேயே அவனுக்கு வீட்டில் ‘ஜட்ஜ்’ என்றுதான் பெயர். தாளைக் கையில் வைத்துக்கொண்டான், ஆதாரம் போல.

“கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கான். இவளே கூட இருந்து பாத்திருக்கா, நீ பதறிட்டேன்னு சொல்றா. ஆண்டவன் புண்ணியத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகல. போதும்மா. வண்டிய வித்துடலாம். எங்க போகணும்னாலும் சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்.”

“ஆறாவது மாடிக்குத் துணி உருளைய நீ தூக்கிட்டு வருவியா?”

“ஆள் வச்சுக்கலாம்.”

“அளவெடுக்க ஆள் வச்சுக்கலாமா?”

“ஏம்மா எல்லாத்துக்கும் எதிர்க் கேள்வி கேக்கற?”

அம்மாவின் தொழில் திரைச்சீலை தைப்பது. வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளப்பாள், வீட்டில் தைப்பாள், மறுபடி போய் மாட்டுவாள். அப்பா இருந்தவரை காரில் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவள், அவர் போன பிறகு ஐம்பத்தோரு வயதில் ஓட்டக் கற்றாள். உரிமம் கிடைத்த அன்று காரணமே இல்லாமல் ஊரை மூன்று முறை சுற்றி வந்தாள். எனக்கு உரிமம் இல்லை.

அண்ணன் போனதும் சாவியைத் தையல் மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். “அவன் சொல்றதும் சரிதான். காலு முன்ன மாதிரி இல்லையோ என்னமோ.”

இத்தனை வருடத்தில் அம்மா தன் உடம்பைச் சந்தேகப்பட்டு நான் கேட்டதில்லை. அவள் கண்ணால் பார்த்து ஒரு ஜன்னலின் அகலம் சொன்னால் அரை அங்குலம் தவறாது.

அந்தச் சந்தேகத்தை யார் வைத்தது? டைக்காரர் பாதி. நான் பாதி.

மார்ச் 15, சனி

தூக்கம் கலைந்த விடியலில் தோன்றிய எளிய எண்ணம்: நிற்கிற காரில் பதற்றம் கிடையாது. நிற்கிற காரிலும் பெடல் ஆழமாகப் போனால்?

அம்மாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, ஸ்டியரிங் வளையத்திலிருந்து பெடல் வரை அளந்தேன். மிதித்தேன், மறுபடி அளந்தேன்.

முதல் மிதி: 11 செ.மீ. கீழே போகிறது.
உடனே இரண்டாம் மிதி: 7.
மூன்றாம் மிதி: 6.
ஒரு நிமிடம் விட்டு மிதித்தால் மறுபடி 11.

ஐந்து தடவை செய்தேன். ஐந்து தடவையும் அதேதான். உள்ளே ஏதோ ஒன்று ஒரு நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுப் பழையபடி உப்பிக்கொள்கிறது. என்ன அது? பயமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், மகிழ்ச்சியாக இருந்தது. எண்கள் பொய் சொல்லாத சந்தோஷம்.

மார்ச் 16, ஞாயிறு

ஒற்றைக் கார் சாட்சியாகாது. ஒப்பிட இன்னொன்று வேண்டும். எதிர்வீட்டு அக்காவிடமும் அதே கார்தான், நிறம் மட்டும் வேறு. அவர் நகலகம் வைத்திருக்கிறார். சந்தேகம் கேட்டால் வாசலில் நின்றே கத்துவார்.

“பிரேக்க அளக்கப் போறியா? என்னடி, ஜாக்கெட்டு தைக்கப் போறீங்களா அதுக்கு?”

ஆனாலும் சாவியைக் கொடுத்தார். அவர் காரில் 5, 5, 5. எத்தனை முறை மிதித்தாலும் 5.

பிறகு அவரையே எங்கள் காரில் உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். பதினொன்றரை வந்தது. “அந்த அரை என் உடம்புக்கு. கணக்குல கழிச்சுக்கோ” என்றார்.

அம்மா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று தலையசைத்தாள். அக்கா சும்மா இருப்பாரா? “கீழ வா! உன் கால அளந்து பாக்கணுமாம், உன் பொண்ணு!” தெருவே திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் வந்தாள்.

அம்மாவின் கால்: 11. என் கால்: 11.

நாடாவை என் கையிலிருந்து வாங்கி அவளே ஒரு முறை அளந்தாள். நான் பிடித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. “நாடாவ இழுத்துப் பிடிக்கக் கூடாது, படிய வைக்கணும்.” அப்போதும் 11.

நாடாவைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போனாள். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

மார்ச் 17, திங்கள்

அண்ணனிடம் எண்களைச் சொன்னேன். “விஞ்ஞானி, கம்பெனிக்காரன் கிட்ட மெஷின் இருக்கு. உன்கிட்ட டேப் இருக்கு” என்றான்.

காற்றுதான் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். பிரேக் குழாயில் இருக்கிற எண்ணெயை அழுத்த முடியாது. அதனால் காலின் விசை அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. காற்றை அழுத்தலாம், அதனால் முதல் மிதி முழுவதும் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஆனால் காற்றை எடுத்தோம் என்று தாளில் இருக்கிறதே. பொய்யா? அவ்வளவு சாதாரணமான பொய்யை எழுத்தில் கொடுப்பார்களா? ஒருவேளை நிஜமாகவே எடுத்திருந்தால்? எடுத்த பிறகும் உள்ளே இருக்கிறதென்றால் எப்படி?

இந்த ‘எப்படி’ நாள் முழுக்க உடன் வந்தது.

மார்ச் 18, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். முதலிலிருந்து எழுதுகிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வரக்கூடும்.

நான் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு வடிகட்டித் திருப்பி அனுப்புகிற இடம். இரத்தத்தை இணைப்பதற்கு முன் குழாய்களிலும் வடிகட்டியிலும் உப்புநீரை ஓடவிட்டுக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழி உடம்புக்குள் போனாலும் ஆபத்து.

ஐந்தாம் படுக்கைக்காரர் சீக்கிரம் வந்துவிடுவார். வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டிய அலுப்பில் கண்ணில் படுவதையெல்லாம் கேள்வியாக்குவார். இன்று நான் வடிகட்டியைத் தலைகீழாகத் திருப்பி உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தேன்.

“தினமும் பாக்கறேன். ஏம்மா அத மட்டும் கவுத்துப் போட்டுத் தட்டற?”

“தண்ணி கீழ இருந்து ஏறணும் சார். வெளிய போற வாய் மேல இருக்கணும். காத்து மேலதானே போகும்?”

“மேல வாய் இல்லாம கீழ இருந்தா?”

“எவ்வளவு தண்ணி ஓட்டினாலும் தண்ணிதான் வெளிய போகும் சார். காத்து மேல உக்காந்துக்கும்.”

சொல்லி முடித்தபோது என் கை தட்டுவதை நிறுத்திவிட்டது. அவர், “என்னம்மா, ஏதாவது தப்பாயிடுச்சா?” என்று பயந்துபோனார். இல்லை சார், ஒன்றும் இல்லை என்றேன். மறுபடி தட்டினேன், ஒரு குமிழி விடாமல்.

காலிப்பரிலும் காற்று வெளியேற ஒரு வாய் இருக்கும் அல்லவா? அது எந்தப் பக்கம் இருக்கிறது?

மார்ச் 19, புதன்

கீழே.

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வைத்து, தரையில் படுத்து, டார்ச்சோடு போனைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிப் படம் எடுத்தேன். ரப்பர் தொப்பி போட்ட சின்ன நிப்பிள்தான் அந்த வாய். எங்கள் காரில் அது தரையைப் பார்க்கிறது. இரண்டு சக்கரத்திலும்! எதிர்வீட்டு அக்காவின் காரில் வானத்தைப் பார்க்கிறது.

இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பொருந்தும், போல்ட் ஏறும், எண்ணெய்க் குழாய் எட்டும். எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். காற்று எடுத்தோம் என்று அவர்கள் எழுதியதும் பொய்யில்லை. அவர்கள் எடுத்தது எண்ணெய்.

படங்களை அம்மாவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “திரைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டின மாதிரி” என்றாள். பிறகு, “வெள்ளிக்கிழமை போவோம். நானும் வரேன்.”

ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்றேன். இழுத்துப் போகிற வண்டியை வரச்சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

காத்திருக்கும் அறைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. வாடிக்கையாளர் எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் கேட்க முடியாது.

டைக்காரர் கணினியைப் பார்த்தபடி, “இதெல்லாம் ரெண்டு தடவை செக் பண்ணியாச்சு மேடம்” என்றார். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். நான்கு வாக்கியங்கள் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“சார், காத்து எடுக்கறீங்கல்ல, அது எந்த இடத்து வழியா எடுக்கறீங்கன்னு ஒரு தடவை காட்ட முடியுமா? தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன்.”

எதிர்பார்க்கவில்லை போல. கண்ணாடியைத் தட்டி மெக்கானிக்கை அழைத்தார். என் வயதுதான் இருக்கும், நீலச் சட்டை, காதில் பென்சில். எங்களைப் பட்டறைக்குள் அழைத்து, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு வண்டியை லிஃப்டில் ஏற்றினார். சக்கரத்தைக் கழற்றினார். டார்ச் அடித்தார்.

அப்படியே நின்றார்.

இன்னொரு பக்கம் போனார். அங்கேயும் நின்றார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

டைக்காரர் முந்திக்கொண்டார். “பார்ட் டிஃபெக்ட்டா இருக்கும். சில பேட்ச்ல இப்படி—”

“இல்ல சார்” என்றார் மெக்கானிக். “நான்தான் மாத்திப் போட்டுட்டேன்.”

காற்றழுத்தக் குழாய் எங்கேயோ சீறிக்கொண்டிருந்தது.

எப்படி என்று கேட்டேன். குற்றம் சாட்டக் கேட்கவில்லை, அது அவருக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன். வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு இரண்டு பெட்டிகளையும் பிரித்தாராம். தன் இடது கைப் பக்கம் இருந்த சக்கரத்துக்கு இடது பெட்டி. வண்டி அவரைப் பார்த்து நின்றது. அதன் இடது அவருக்கு வலது. “எட்டு வருஷமா பண்றேங்க. அன்னிக்கு எப்படின்னே தெரியல. ரெண்டாவது தடவை வந்தப்ப ஒரு லிட்டர் ஆயில் ஓட்டினேன். பெடல் ஏன் இறுகலன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். மேல இருக்கறவங்ககிட்ட சொன்னேன், அதுக்குள்ள ரிப்போர்ட் போயிடுச்சு.”

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித்தந்தது: எதிரே படுத்திருப்பவரின் இடது கை உன் வலது பக்கம் இருக்கும், ஊசி போடுவதற்கு முன் அந்தக் கையைத் தொட்டுச் சொல். நான் இன்றும் ஒவ்வொரு முறையும் தொட்டுச் சொல்கிறேன். தொடாமல் விட்ட நாள் ஒன்று எனக்கும் உண்டு. ஊசி இறங்குவதற்கு முன் நோயாளியே கையை இழுத்துக்கொண்டார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த மெக்கானிக் பட்டறையில் பதினைந்து பேர் முன்னால் சொன்னார்.

டைக்காரர் மன்னிப்புக் கேட்டார், இலவச சர்வீஸ் என்றார், சீட் உறை தருவதாகச் சொன்னார். அம்மா கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள்.

“அதெல்லாம் வேணாம். இதுல ஒரு வரி இருக்கு. ஓட்டுநரின் பழக்கம்னு. அத அடிங்க.”

“சிஸ்டத்துல ஏறிடுச்சும்மா. மாத்த முடியாது.”

“சரி. கீழ இன்னொரு வரி எழுத முடியும்ல?”

“எழுதலாம்...”

“எழுதுங்க. நான் சொல்றேன்.”

மூன்று வரி சொன்னாள். என்ன பிழை, யார் கண்டது, ஓட்டியவர் மேல் குற்றம் இல்லை. அவர் தட்டச்சு செய்ய, அம்மா மேஜைக்கு மறுபக்கம் போய் நின்று திரையைப் பார்த்தாள். முத்திரை வைத்து வாங்கிக்கொண்டாள். மெக்கானிக்கிடம் மட்டும், “நல்லா சாப்பிட்டுத் தூங்குப்பா” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மார்ச் 22, சனி

5, 5, 5. எங்கள் காரிலும் இப்போது அதுதான். எதிர்வீட்டு அக்கா கை தட்டினார்.

மார்ச் 25, செவ்வாய்

இயந்திரம் சரியாகிவிட்டது. அம்மா ஓட்டவில்லை. துணி உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனாள், வந்தாள்.

அண்ணன் காரில் நேற்று நாங்கள் மூவரும் போனோம். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் வலது கால், ஒவ்வொரு சந்திப்பிலும், இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை.

குழாயில் இருந்த காற்றுக்கு ஒரு வாய் இருந்தது. அம்மாவுக்குள் புகுந்ததற்கு எங்கே இருக்கிறது?

மார்ச் 28, வெள்ளி

சொல்லிவிட்டேன். அவள் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அண்ணனிடம் நீ பதறிவிட்டாய் என்று சொன்னேனே, உன் காலை நான் பார்க்கவே இல்லை, பார்க்காததைச் சொன்னேன் என்றேன்.

தையல் இயந்திரம் நிற்கவில்லை. “நீ சொன்னது அவன் சொல்றதுக்கு முன்னாலயே தெரியும். இங்கதானே நின்னு பேசினே? எனக்குக் காது கேக்கும்.”

“ஏம்மா ஒண்ணும் சொல்லல?”

“என்ன சொல்ல? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

இதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

நூலை அறுத்துவிட்டு, “அதுக்கப்புறம் தரையில படுத்துப் பாத்தியே. தலைமுடியெல்லாம் மண்ணு” என்றாள். அவ்வளவுதான். துணியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். இருவரும் இழுத்து மடித்தோம்.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணன் வந்தான். முத்திரை வைத்த தாளை முழுவதும் படித்தான், இரண்டாம் முறையும் படித்தான். பிறகு, “என் வண்டியையும் ஒரு தடவ அளந்து பாரேன்” என்றான் என்னிடம். அம்மாவைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவனுக்கு அவ்வளவுதான் வந்தது. அம்மா, “நான் அளக்கறேன், இவ நாடாவ இழுப்பா” என்று எழுந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அம்மா நிற்கிற காரில் தனியாக உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அது அவளுக்கும் காருக்கும் இடையிலான விஷயம்.

ஏப்ரல் 5, சனி

பின்னால் இருக்கும் காலி மைதானம் வரை போய்த் திரும்பி வந்தாளாம். என்னைக் கூப்பிடவில்லை. கேட்டபோது, “நீ படிச்சிட்டு இருந்த” என்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

வேலை முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது அண்ணனின் போன். குரலில் அவசரம்.

“அம்மா எங்க? ஒரு மணி நேரமா அடிக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறாங்க.”

வாசலில் கார் நிற்கிறதா என்று எதிர்வீட்டு அக்காவைக் கேட்டேன். இல்லை என்றார். ஆறு ஜன்னல்களுக்கான துணியை மதியமே பின்சீட்டில் ஏற்றியதைப் பார்த்தாராம்.

அண்ணனிடம் சொன்னேன்: “ஓட்டிட்டு இருப்பாங்கடா. ஓட்டும்போது எடுக்க மாட்டாங்க.”